கால் இல்லாமல் வரைந்த பறவை

மார்ச் 4, செவ்வாய்

உறைபனி மழை. ஸ்டீல்ஸ் வீதியில் பஸ் தாமதம். வேலை செய்யும் நூலகத்தில் நானூறு வருடத்துக்கு மேல் பழைய படப் புத்தகம், ஸ்கான் செய்ய. பூப்படங்கள் முடிந்தன. நாளை பறவைகள். ஒரே கொம்பில் மொட்டு, பூ, காய் மூன்றும். அந்தக் காலத்தில் அப்படித்தான் வரைவார்களாம்.

பின்னேரம் ஆஸ்பத்திரி. சீனி வியாதியில் அப்பாவின் இடது பாதம் கறுத்துவிட்டது. முப்பது வருடம் ரெஸ்ரோரன்ட் கிச்சினில் நின்ற கால். டொக்டர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்: வெள்ளிக்கிழமைக்குள் கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து.

“காலோட வந்தனான், காலோடயே போறன்.”

அப்பா என்ன சொல்கிறார் என்றார் டொக்டர். யோசிக்கிறாராம் என்றேன்.

மார்ச் 5, புதன்

வாங்க: பால், பற்பசை, அப்பாவுக்கு சொக்ஸ் ஒரு சோடி. எழுதிய பிறகுதான் உறைத்தது.

ஆஸ்பத்திரியில் பேச்சை மாற்ற, போனில் அப்பாவுக்கு அந்தப் புத்தகத்தின் பூப்படங்கள் காட்டினேன்.

“மொட்டும் காயும் ஒண்டாவோ? உவன் விசரன்.” சிரித்தார். நாலு நாளில் முதல் சிரிப்பு. அந்தச் சந்தோஷத்தில் விரல் அடுத்த படத்துக்குத் தள்ளிவிட்டது. சொர்க்கப் பறவை. மஞ்சள் இறகு, நீள வால். கால் இல்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“உதுக்குக் கால் எங்க, பிள்ளை?”

பொய் வரவில்லை, உள்ளதைச் சொன்னேன். பிடித்து விற்றவர்கள் காலை வெட்டி எறிந்துவிட்டுத் தோலை மட்டும் கப்பலில் அனுப்பினார்கள். வரைந்தவன் அதைத்தான் பார்த்தான். தரைக்கே வராமல் பறந்துகொண்டே வாழும் பறவை என்று சனம் நம்பியது.

“நம்பினவையோ,” என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

மார்ச் 6, வியாழன்

வெயில், கடும் குளிர். அப்பாவுக்குக் காய்ச்சல். கல்கரியிலிருந்து தம்பி போனில்: “அக்கா, ஜஸ்ட் சைன் வாங்குங்கோ.” அவனுக்கென்ன.

ஒப்பரேஷனுக்குச் சம்மதப் படிவம் கட்டிலருகே கிடந்தது. நான் கேட்காமலே அப்பா பேனா கேட்டார். கையெழுத்து கோணிப்போனது. சம்மதித்தது நான் காட்டிய படத்தாலா, காய்ச்சலாலா? கேட்கத் தைரியம் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன் அப்பா:

“வெட்டின காலை என்ன செய்வினம் எண்டு கேள், பிள்ளை.”

நேர்ஸிடம் கேட்டேன். நல்ல பெண், மறைக்காமல் இங்கிலிஷில் சொன்னாள். ஆஸ்பத்திரிக் கழிவோடு போகும், ‘பேர்ண்’ பண்ணுவார்கள், எரித்துவிடுவார்கள்.

அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மரியாதையா அடக்கம் செய்வினமாம், அப்பா.”

“ஓம், ஓம்,” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

லிஃப்ட் மூடிய பிறகுதான் நினைவு வந்தது. முப்பது வருடம் கிச்சினில் நின்றவர். பேர்ண் என்றால் அப்பாவுக்குத் தெரியும்.