பெட்டி இல்லாத பால் ஜாயிண்ட்

பாய்,

இன்று காலை பாகலூர் ரோட்டு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வண்டியின் இடது முன்பக்கம் ‘டொக்’கென்று ஒரு சத்தம். ஸ்டியரிங்கில் லேசான உதறல். உங்களுக்குப் போன் போட வேண்டுமென்று கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. நம்பரைத் தேடி எடுத்த பிறகுதான் உறைத்தது, நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கம்பெனி பஸ்கள் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் இருந்திருந்தால் “ஒரு டொக்கா, ரெண்டு டொக்காண்ணே?” என்று கேட்டிருப்பீர்கள். நான் வாயால் சத்தம் போட்டுக் காட்ட வேண்டும். கடையில் நிற்கிற எல்லோரும் சிரிப்பார்கள்; நீங்கள் மட்டும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்பீர்கள்.

பதினெட்டு வயது வண்டிக்கு ஷோரூம் சாமான் வாங்குகிற வசதி நம் பக்கம் எத்தனை பேருக்கு இருக்கிறது? அதனால்தான் எல்லோரும் உங்கள் ஸ்பேர்ஸ் கடைக்கு வந்தார்கள். நீங்களும் ஒரேயடியாக விலை கூடியதைத் தலையில் கட்டுகிற ஆள் இல்லை. “லிங்க்கு, புஷ்ஷு, மவுண்ட்டு இதெல்லாம் சுமாரானதே போட்டுக்கலாம். தேஞ்சா கடகடன்னு கத்தும், தெரிஞ்சிடும். சக்கரத்தைப் புடிச்சிக்கினு இருக்கிறது பால் ஜாயிண்ட்டு. அதுல மட்டும் கஞ்சத்தனம் கூடாது” என்பீர்கள். ஆனேக்கல்லிலிருந்து வருகிறவர் ஒரு பக்கத்துக்கு மட்டும் கேட்டால், “ஜோடீனே தகொள்ளி ஸ்வாமி” என்று, ஜோடியாகவே வாங்கச் சொல்லிக் கன்னடத்தில் பேசி, இரண்டு பெட்டியையும் சேர்த்தே நகர்த்துவீர்கள். ஒற்றையாகக் கேட்டு எவ்வளவு சண்டை போட்டாலும் உங்களிடம் நடக்காது. நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

இத்தனையும் கேட்டுக் கேட்டுப் பழகிய நான்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அதைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

என் வீட்டுக்காரிக்கு மார்பில் கட்டி என்று தெரிந்து, பெங்களூரில் கதிர்வீச்சு வைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. வாரத்தில் ஐந்து நாள் அத்திப்பள்ளி தாண்டிப் போய் வர வேண்டும். பஸ்ஸில் அவளால் உட்கார முடியாது. மெக்கானிக் வண்டியைத் தூக்கிப் பார்த்து, இரண்டு பால் ஜாயிண்ட்டும் போய்விட்டது என்றான். நான் உங்களிடம் வரவில்லை பாய். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் குவியலுக்குப் போனேன்.

அந்தக் குவியல் நம் ஊருக்கே தெரிந்த ரகசியம். கம்பெனிகளில் தரமில்லை என்று தள்ளிய சாமான் எப்படியோ வெளியே வந்து, கறுப்புப் பெயிண்ட் பூசிக்கொண்டு, பெட்டி இல்லாமல் அங்கே கிடக்கும். ‘சின்னக் கீறலுக்குத் தள்ளியிருப்பாங்க, அதே மால்தான்’ என்று ஆளுக்கு ஆள் சொல்வார்கள். நான் பால் ஜாயிண்ட் செய்கிற கம்பெனியிலேயே பரிசோதனைப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவன். மற்றவன் ஏமாறலாம், என் கண்ணை ஏமாற்ற முடியுமா என்ற திமிர். புரட்டிப் புரட்டிப் பார்த்து இரண்டைப் பொறுக்கினேன். மெக்கானிக் அன்றைக்கே இடது பக்கத்தை மாட்டினான். வலது பக்க போல்ட் துருவேறி அசையவில்லை. சனிக்கிழமை வரச் சொன்னான்.

திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து பெங்களூர் போய் வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் மெஷின் பழுது என்று வரவேண்டாமென்றார்கள். மீதமிருந்த ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, அதற்கு ரப்பர் உறை வாங்குகிற சாக்கில் உங்களிடம் பெருமையடிக்க வந்தேன். ஜும்மா தொழுகை முடித்து வெள்ளைச் சட்டையோடு அப்போதுதான் கடை திறந்திருந்தீர்கள். வாங்கிப் பார்த்தீர்கள். துணியில் தின்னரை ஊற்றித் துடைத்தீர்கள். கறுப்பு கரைந்தது, அடியில் ஒரு சிவப்புப் புள்ளி. அது நாங்கள் தள்ளியதற்கு வைக்கிற அடையாளம். பக்கத்தில் தள்ளியவரின் எண் குத்தியிருக்கும். நீங்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு “பதினேழுன்னு போட்டிருக்குதே, யாருண்ணே அது?” என்று கேட்டீர்கள்.

நான்தான் பாய். பதினேழு என் நம்பர்.

சொன்னதும் நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “ஒரு தடவை வேணாம்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் ஏண்ணே வாங்கினீங்க?” என்றீர்கள்.

பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கி வாங்கிவந்து, அந்த வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் போனீர்கள். கழற்றிய இடது பக்கத்தைத் துடைத்தபோது அதிலும் சிவப்பு. அதன் கழுத்தில் நகம் சிக்குகிற மாதிரி ஒரு மெல்லிய விரிசல். அவள் அந்த நான்கு நாளும் கண்ணை மூடிக்கொண்டு, என்னை நம்பித் தூங்கிக்கொண்டு வந்தாள். புது ஜோடியை எடுத்து, வலது பக்கத் துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டி நீங்களே மாட்டினீர்கள். எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டே, “கம்பெனில சொல்லுங்கண்ணே. தள்ளுறத ரெண்டா வெட்டிப் போடச் சொல்லுங்க. நீங்க கண்டுபுடிச்சீங்க, ஊர்ல எல்லாருக்கும் உங்க கண்ணு இருக்குதா?” என்றீர்கள். நான் தலையாட்டினேன். குவியலில் என் கண்ணும் கண்டுபிடிக்கவில்லை என்பதை நீங்கள் சொல்லாமல் விட்டது அப்போதே எனக்குப் புரிந்தது.

அடுத்த வாரம் “சொன்னீங்களா?” என்று கேட்டீர்கள். “சொல்லிட்டேன் பாய். வெட்ட ஆரம்பிச்சிட்டாங்க” என்றேன்.

பொய். நான் சொல்லவில்லை. அவளுடைய வைத்தியம் முழுக்கக் கம்பெனி இன்சூரன்சில் ஓடிக்கொண்டிருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டால் நானே வாங்கினேன் என்று சொல்ல வேண்டும்; வேலை போனால் இன்சூரன்சும் போகும். ஸ்கிராப் எடுக்கிறவர்களுக்கு மேலே யார் யாரைத் தெரியுமோ என்ற பயம் வேறு. அவள் தேறிய பிறகாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் பொய் பழசாகிவிட்டது, திரும்ப எடுக்க வெட்கமாயிருந்தது. நீங்களோ கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, “எங்கண்ணன் சொல்லித்தான் இப்ப அங்க வெட்டிப் போடுறாங்க” என்பீர்கள். நான் டீ டம்ளருக்குள் பார்வையைப் போட்டுக்கொள்வேன்.

உங்கள் ஜனாஸாவை அடக்கம் செய்த அன்று பள்ளிவாசல் வாசலில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்கதான அந்தப் பால் ஜாயிண்ட் சாரு? பாய் உங்களப் பத்திச் சொல்லுவாரு” என்றார். அவர் கையை விடுவித்துக்கொள்வதற்குள் எனக்குச் செத்துப் போகலாம் போலிருந்தது. மறுநாளே மேனேஜரிடம் போய், என் நம்பர் குத்திய சாமானை நானே காசு கொடுத்து வாங்கி என் மனைவியை உட்காரவைத்து ஓட்டியதுவரை எல்லாம் சொன்னேன். விளக்கம் எழுதி வாங்கினார்கள். ஷிஃப்ட்டை மாற்றினார்கள். என்னோடு பேசிக்கொண்டிருந்த சிலர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் வெட்டுகிற மெஷின் வந்துவிட்டது பாய். இப்போது தள்ளுகிற ஒவ்வொன்றும் எங்கள் கண்ணெதிரே இரண்டாகிறது.

இதை உங்கள் மகளிடமாவது சொல்லிவிட வேண்டுமென்று இத்தனை மாதம் நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன். இன்று அந்த ‘டொக்’ என்னைக் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. அவள்தான் கல்லாவில் இருந்தாள். நான் இடது பக்கம் என்று ஆரம்பிப்பதற்குள் “ஜோடியாத்தான் தருவேன் பெரியப்பா” என்றாள். உங்கள் குரல் அப்படியே. பெட்டியைப் பிரித்து என் கையில் வைத்து ஆட்டிப் பார்க்கச் சொன்னாள். அங்கேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். உங்களிடம் பொய் சொன்னதையும் சொன்னேன்.

அவளுக்கு ஆச்சரியமே இல்லை. “எங்க அத்தாவுக்குத் தெரியும் பெரியப்பா” என்றாள். கல்லாவுக்கு அடியில் குனிந்து ஒரு சாக்கு மூட்டையை இரண்டு கையாலும் இழுத்தாள். உள்ளே பெட்டி இல்லாத பால் ஜாயிண்ட்டுகள். எல்லாம் தின்னர் போட்டுத் துடைத்தவை, எல்லாவற்றிலும் சிவப்புப் புள்ளி. “அதுக்கப்புறமும் வெட்டாமத்தான வந்துக்கினு இருந்துச்சு. ஞாயித்துக்கிழமையானா குவியலுக்குப் போயி இதெல்லாம் பொறுக்கி வாங்கிக்கினு வருவாரு. வேற யாரும் மாட்டிடக் கூடாதுன்னு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. ‘அண்ணன் சொல்லிடுவாரு, வீட்டுல ஒடம்பு சரியில்ல, கொஞ்சம் டைம் ஆவும்’னாரு.”

ஐயோ பாய். என் பொய் என்று தெரிந்தேதான் ஊரெல்லாம் அதை மெய்யாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்களா? நான் ஒருநாள் அதை மெய்யாக்கிவிடுவேன் என்று, நாங்கள் தள்ளியதையெல்லாம் வாரம் தவறாமல் பொறுக்கிக்கொண்டிருந்தீர்களா? கடையில் நான்கு பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பாராமல் அழுதேன். உங்கள் மகள் தண்ணீர் கொடுத்தாள்.

புது ஜோடி மாட்டி, வீல் அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. மூட்டையை டிக்கியில் ஏற்றிக்கொண்டேன். திங்கட்கிழமை அதை மேனேஜர் மேஜைமேல் வைத்துக் காட்டிவிட்டு, ஒவ்வொன்றாக என் கையாலேயே வெட்டப்போகிறேன். திரும்பி வரும்போது அதே பாகலூர் ரோடு, அதே வேகத்தடைகள். முன்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஒவ்வொரு தடையிலும் டிக்கியில் மூட்டைதான் குலுங்கிச் சத்தம் போட்டது. வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன்.