டயர் கடை ஸ்டிக்கர்

10 ஏப்ரல் 2007, பாம்பன்

லீவில் மூன்று நாள் போய்விட்டது. இருபத்தொன்றாம் தேதி ஓசூருக்கு, வேலைக்குத் திரும்ப பஸ் ஏற வேண்டும். அதற்குள் அய்யாவின் ஃபைபர் படகில் இருக்கிற ஸ்டிக்கர் அத்தனையையும் உரித்துத் தர வேண்டுமாம். அய்யாவுக்கு வலது தோள் போய்விட்டது, வலை இழுக்க முடியாது. படகை பாக்கர் மச்சானுக்குக் கொடுக்கிறார். எட்டு வருஷம் அய்யாவோடு இதே படகில் கடலுக்குப் போனவர். இனி அவர் பெயர் எழுதப்போகிற படகில் எங்கள் ஸ்டிக்கர் எதற்கு?

எண்ணினேன். இருபத்து மூன்று. இது படகா, பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையா?

11 ஏப்ரல்

பிளேடு கூடாது, மேல்பூச்சில் கோடு விழும். வெந்நீரில் நனைத்த சாக்கைப் பத்து நிமிஷம் போட்டு வைத்தால் பசை இளகுகிறது. மூலையைத் தூக்கி மெதுவாக இழுக்க வேண்டும். மிச்சப் பசைக்கு மண்ணெண்ணெய்.

அய்யா கொஞ்ச நேரம் பார்த்தார். "பழைய வலையச் சுருட்டித் தேச்சா வந்துரும்ல. இதுக்கா மூணு வருஷம் படிச்ச?"

அவர் போனபிறகு தேய்த்துப் பார்த்தேன். வந்தது. அவரிடம் சொல்லவில்லை.

12 ஏப்ரல்

ஒன்பது உரித்தாயிற்று. வேலை ஓடவில்லை. ஒவ்வொன்றிலும் நின்றுவிடுகிறேன்.

பெரிய மீன்பாடு கிடைத்த வாரமெல்லாம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் வழக்கம். யார் வேண்டுமானாலும் வாங்கி வரலாம், ஒட்டுவது அய்யா மட்டும். அம்மா பழனியில் வாங்கிய வேல். பாக்கர் மச்சான் நாகூரிலிருந்து கொண்டு வந்த பிறை. அக்கா முருகேஸ்வரி கேட்ட மயில் – கண்ணாடி போடாமல் அய்யா அதைத் தலைகீழாக ஒட்டிவிட்டார். "மயிலு தண்ணி குடிக்குது, விடு ஆத்தா" என்றார். அக்கா ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. இன்று உரித்ததைப் போனில் சொன்னேன். "கிழிக்காம எடுத்தியா?" என்றாள்.

கிழித்துவிட்டேன். எடுத்தேன் என்று சொன்னேன்.

மயிலுக்கு அடியில் நல்ல நீலம். படகு வந்த அன்றைக்கு இருந்த நீலம். சுற்றிலும் வெயில் தின்று சாம்பலாகிக் கிடக்க, அங்கே மட்டும் 1997. கண் எரிந்தது. மண்ணெண்ணெய் நெடி.

13 ஏப்ரல்

இருபத்திரண்டு முடிந்தது. ஒன்று பாக்கி. அது அய்யா ஒட்டியது இல்லை.

14 ஏப்ரல்

வருஷப் பிறப்பு. அம்மா பாயசம் வைத்தாள். நான் கரைக்குப் போய் அந்த டயர் கடை ஸ்டிக்கரை உரித்தேன்.

என் நோட்டுதானே, எழுதிவிடுகிறேன். 1998. எனக்குப் பதினான்கு வயது. அய்யா சாயல்குடிக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தார். யாரிடமும் சொல்லாமல் படகை எடுத்துப் போய் குந்துகால் பக்கம் பாறையில் விட்டேன். முன்பக்கம் வலதில் விரல் நீளத்துக்குக் கீறல். டயர் கடையில் சும்மா கொடுத்த ஸ்டிக்கரை அதன்மேல் ஒட்டினேன். "ஏலே, யாரு ஒட்டுனது?" என்று அய்யா கேட்டதற்கு, "நல்லாருக்குல்லய்யா" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அப்போது மேல்தோலில் மட்டும் இருந்த கீறல். ஒன்பது வருஷம் உப்புத்தண்ணீர் குடித்து இப்போது ஒரு சாண். ரூபாய்க் காசால் தட்டினேன். மற்ற இடமெல்லாம் கணீர் என்கிறது. இங்கே சொத்தைத் தேங்காய்ச் சத்தம்.

போன வாரம்தான் அய்யா படகின் முன்பக்கம், அணியத்தில் கையை வைத்து பாக்கர் மச்சானிடம் சொன்னார்: "படகுல ஒரு கீறல் கிடையாது. என் வார்த்தைய நம்பு." அதை நம்பித்தான் அவர் தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இப்ப நான் வாயத் தொறந்தா அய்யா பொய் சொன்ன ஆளு. தொறக்கலைன்னா? பாரம் ஏறுனா தண்ணிக்குள்ள போற எடம்டா அது. நாலு பேரு போவாங்க அதுல. இதுல யோசிக்க என்ன இருக்கு?

ஆனாலும் யோசிக்கிறேன்.

15 ஏப்ரல்

சொல்லிவிட்டேன். இரண்டு பேரையும் படகுக்குப் பக்கத்தில் நிறுத்தி, சுற்றி வளைக்காமல்.

அய்யா கீறலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

பாக்கர் மச்சான்தான் முதலில் பேசினார். "ஏலே மாப்ள, எட்டு வருசமா நானும் இதுலதானடா போனேன்! எம் பொண்டாட்டி ஹமீதா கேட்டா உன்னைய அரிஞ்சு காயப் போட்டுருவா." பிறகு அய்யா பக்கம் திரும்பி, "மாமா, படகு எனக்குத்தான். மறைச்சவனே சரிபண்ணட்டும். நீங்க எறங்கிப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது போதும்."

"என் வார்த்தைதான் நாறிப்போச்சேப்பா" என்று அய்யா நடந்துவிட்டார்.

17 ஏப்ரல்

கீறலைச் சரிவாக ராவி, ஈரம் போகக் காயவைத்தேன். அவசரத்தில் ஹார்ட்னரைக் கூட்டி ஊற்ற, ரெசின் டப்பாவிலேயே புகைந்து கல்லாகிவிட்டது. தூக்கி எறிந்துவிட்டு மறுபடி. அதில் நனைத்து நான்கு அடுக்கு ஃபைபர் மேட்.

அய்யா மூன்று நாளாகப் பேசவில்லை. எதிரில் உட்கார்ந்திருக்கிற என்னை விட்டுவிட்டு அம்மாவிடம், "அவனுக்குக் குழம்பு வேணுமான்னு கேளு" என்கிறார்.

அடிச்சாக்கூடத் தேவலை.

18 ஏப்ரல்

காய வேண்டும். தொடக் கூடாது. மூன்று தடவை தொட்டேன்.

20 ஏப்ரல்

நான் கரைக்குப் போவதற்குள் அய்யாவும் பாக்கர் மச்சானும் படகை இறக்கியிருந்தார்கள். முன்பக்கம் பத்து மணல் மூட்டை. ஒட்டுப் போட்ட இடம் தண்ணீருக்குள். இடுப்பளவு ஆழத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, உள்ளே அந்த இடத்தில் தினசரித் தாளை ஒட்டப் பரப்பி, அய்யா பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தலையில் துண்டு. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், அசையவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

உச்சிவெயில் சாய்ந்தபிறகு தாளை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். மடித்தார். நல்ல கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார். நேராகப் பாக்கர் மச்சானிடம்.

"கீறல் இருந்துச்சு. இப்ப இல்ல. நம்பிப் போ."

பிறகு தாளை என்னிடம் நீட்டினார். தொட்டேன். சுடச்சுட, மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

"நாளைக்கு பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்றார்.

அம்மாவிடம் இல்லை. என்னிடம்.