பெற்றோல் மூடிக்குள் ஒரு பொலித்தீன்

லீனஸ்,

நான் அக்காவைப் பார்க்க பஸ்ஸில் வத்தளைக்குப் போகிறேன். இன்று கார்புரேட்டரைக் கழற்ற வேண்டாம். காரின் வருத்தம் பிடிபட்டுவிட்டது.

நேற்றும் களனிப் பாலத்தில் நின்றுவிட்டது. பெற்றோல் முடிந்துவிட்டதோ என்று அங்கேயே டாங்கி மூடியைத் திறந்தேன். உஸ் என்று காற்றை உள்ளே இழுத்தது. பிறகு வீடு வரை நிற்காமல் ஓடியது. "உனக்குக் கிளச் மிதிக்கத் தெரியாது" என்று மறுபடியும் தொடங்குவீர்கள் என்பதால்தான் இரவு நான் வாய் திறக்கவில்லை.

காலையில் பார்த்தால், மழைத்தண்ணீர் இறங்கக்கூடாது என்று நீங்கள் மூடிக்குள் மடித்துச் செருகிய பொலித்தீன். டாங்கிக்குள் காற்றுப் போக வழியில்லை, அதனால் எஞ்சினுக்குப் பெற்றோல் வரவில்லை. எடுத்துவிட்டேன்.

சாவி மாதா சுரூபத்துக்குப் பின்னால் இருக்கிறது. மீன்குழம்பைச் சூடாக்கிப் பாணுடன் சாப்பிடுங்கள். பின்னேரம் வந்து என்னை ஏற்றுங்கள். திரும்பி வரும்போது நான்தான் ஓட்டுவேன்.

ஐறீன்

பி.கு. மெக்கானிக் சுனில் அண்ணன் வந்தால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள். பிழையைக் கண்டுபிடித்தது நீங்கள் என்றே சொல்லுங்கள், பரவாயில்லை. பொலித்தீனை வைத்தது நான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.