எதிர்வீட்டுத் தண்ணீர்

அக்கா,

காலையில் முனிசிபாலிட்டி ஆள் வந்து நம் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போனான். மட்டாஞ்சேரியில் மறுபடி வயிற்றுப்போக்காம். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும், ஆஸ்பத்திரித் தனி அறையில் நீ கிடந்த நாட்கள் ஞாபகம் வந்துவிட்டன.

அப்போதும் காலராக் காலம். உன் மார்புக் கட்டி புற்றுநோய்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் தேதி இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. மூன்றாவது தடவை தேதி கிடைத்து நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், உன் மகனுக்கு வயிறு போக ஆரம்பித்தது. எதிர்வீட்டு ரோஸி சேச்சி உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து, அவனை மடியில் போட்டு ஊட்டினாள். நீ அதையும் மோந்து பார்த்த பிறகுதான் விட்டாய். பாலோ மாத்திரையோ மனுஷரோ, மோந்து பார்க்காமல் எதையும் உள்ளே விடாத குடும்பம் நாம்.

வார்டு வாசலில் சிஸ்டர் எல்லாரிடமும் கேட்டதை உன்னிடமும் கேட்டாள். "வீட்ல ஆருக்காவது வயிறு போவுதோ?"

"ஆருக்கும் இல்ல சிஸ்டர்."

உன் முகத்தில் ஒரு சலனம் இல்லை. கெட்டிக்காரிதான் நீ.

வீட்டில் நோய் இருந்தால் பத்து நாள் தனியே வைத்துப் பார்க்காமல் கத்தியைத் தொடமாட்டேன் என்பது டாக்டரின் கண்டிப்பு. அறுத்த உடம்பு காலராவைத் தாங்காது. வார்டில் மற்றவர்களும் கிடக்கிறார்கள். அதற்குள் கட்டி வளர்ந்துவிடும் என்று நீ பயந்தாய். நானும்தான் பயந்தேன். ஆனாலும் நீ உள்ளே போனதும் சிஸ்டர் பின்னாலேயே போய் உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஆமாம் அக்கா, சொன்னது நான்.

ஆபரேஷனைத் தள்ளிவைத்து உன்னைத் தனி அறையில் போட்டார்கள். மூன்றாம் நாள் அங்கே உனக்கே காலரா கண்டது. அறுத்திருந்தால் ஆளே போயிருக்கும் என்றார் டாக்டர். நீ நம்பவில்லை.

"இந்த ரூம்ல போட்டதாலதான் வந்துச்சு. இங்க தண்ணியே சரியில்ல. எல்லாம் ரோஸி போட்டுக்கொடுத்த வேலை."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பின்ன ஆரு? அவளையும் உன்னையும் விட்டா ஆருக்குத் தெரியும்? நீ சொல்லமாட்ட."

பிள்ளையிடமிருந்து வந்ததா, அறையிலிருந்து வந்ததா என்று எனக்கும் இன்றுவரை தெரியாது. ஆனால் உலகத்தில் நீ சந்தேகப்படாத ஒரே ஆள் நான். அதை இழக்க மனம் வராமல் வாயை மூடிக்கொண்டேன்.

காலரா தீர்ந்தது. ஆபரேஷனும் நல்லபடி நடந்தது. பிறகு பன்னிரண்டு வருஷம் இருந்தாய். அத்தனை வருஷமும் ரோஸி சேச்சியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அவள் வீட்டுச் சாயாவைத் தொடவில்லை. போன மாதம் உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டியவள் அவள்தான். ஈரக்கையோடு என்னைக் கேட்டாள்: "நான் என்ன தப்பு செய்தேன் மோளே? இவ என்னோட மிண்டவே இல்லையே, ஒரு வார்த்தை பேசலையே."

தெரியாது என்றேன்.

இன்று கொதிக்கவைத்த தண்ணீர் ஒரு குடம் கொண்டுவந்து வைத்தாள். "கிணத்துத் தண்ணி குடிக்கண்டா, இதைக் குடி" என்று சொல்லிவிட்டுப் போனாள். பழக்கதோஷம், மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். நல்ல தண்ணீர். வெட்கமாக இருந்தது.

குடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, அன்று சிஸ்டரிடம் சொன்னது நான்தான் என்று அவளிடம் சொல்லிவிடப் போகிறேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு மிண்டாமல் போகலாம். போகட்டும். தெரிந்திருந்தால் நீ என்னோடு மிண்டியிருப்பாயா? அதுதான் அக்கா, எனக்கு இன்னும் சந்தேகம்.