மருந்து எடுத்தீங்களா என்று கேட்டாயே

அன்புக் கண்ணு வின்ஸ்டனுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் தயவில் நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் கரோலினும் அங்கே குளிரில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் கேட்கிறேன். வாரம் மூன்று தடவை வீடியோவில் முகம் பார்க்கிறவள் எதற்குக் காகிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் இந்தப் பக்கம் உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அந்தப் பக்கம் கரோலின் நிற்கிறாள், இந்தப் பேச்சு எனக்கு வாயில் வராது. லட்சுமணசாமி அண்ணன் மகள் தேஜஸ்ரீ வெள்ளிக்கிழமை அயர்லாந்து திரும்புகிறாள், மஞ்சள்தூளோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். பவானியில் தண்ணீர் நிறையப் போகிறது, கரும்பு இடுப்பளவு வந்துவிட்டது, உன் அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், தைலம் தேய்க்கச் சொன்னால் என்னை முறைக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். உயிரணு குறைவு என்று உனக்கு ரிப்போர்ட் வந்தபிறகு, பிறந்தபோதே உனக்கு ஒரு பக்கம் விதை இறங்காமல் இருந்து நாலு வயதில் ஆபரேஷன் செய்தோமே, அதைப்பற்றி உங்கள் டாக்டர் துருவிக் கேட்டார் என்றாய். நான் வயித்துல இருக்கும்போது ஏதாவது மருந்து எடுத்தீங்களாம்மா என்று கேட்டாய். நான் அடித்துச் சொன்னேன், தலைவலிக்குக்கூட மாத்திரை போடாமல் சுக்கு உரசிப் பூசினவள் நான், ஒரு மருந்தும் தொடலை கண்ணு என்று. பெருமையாக வேறு சொன்னேன். நீயும் டாக்டர் கொடுத்த தாளில் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாய்.

போன செவ்வாய்க்கிழமை நம் கரும்புக்குக் களைமருந்து அடித்தார்கள். மாசாணம் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அடிக்க, அவன் பெண்டாட்டி மௌனிகா வாய்க்காலில் தண்ணீர் மொண்டு பக்கெட்டில் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாலு மாதம். மோர் கொண்டுபோன நான் சும்மா பேச்சுக்கு, மாசமா இருக்கையில மருந்து கிருந்தெல்லாம் பாத்து எடுத்துக்கோ அம்மணி என்றேன். அவள் பக்கெட்டைக் காட்டிச் சிரித்தாள். மாத்திரைன்னாலே எனக்கு ஆகாதுங்கக்கா, எனக்குத் தெரிஞ்ச மருந்து இதொண்ணுதானுங்க என்றாள்.

மோர்ச் செம்பைக் கரையிலேயே வைத்துவிட்டேன் கண்ணு. நீ மூன்று மாதமாக வயிற்றில் இருந்தபோது இதே கரும்புக் காட்டில் இதே வாய்க்காலில் நான்தான் உன் அப்பாவுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். குச்சிகூட இல்லை, முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கலக்கினேன். புடவை நனைந்து, அந்த ஈரத்தோடேயே வந்து சோறு ஆக்கினேன். ஆறு நாளா ஏழு நாளா நினைவில்லை. அப்போது விடாமல் வாந்தி எடுத்தேன், எல்லோரும் மசக்கை என்றார்கள், நானும் அப்படியே நினைத்தேன். இப்போது மசக்கையா மருந்தா என்று யாரைப் போய்க் கேட்பது? நீ மருந்து என்று கேட்டபோது எனக்கு மாத்திரைதான் கண்முன் வந்தது. காட்டில் அடிப்பதையும் வாய் நிறைய மருந்து என்றுதானே சொல்கிறோம், அது ஏன் எனக்கு உறைக்கவில்லை?

மௌனிகாவைக் கையைப் பிடித்துக் கரையேற்றி, கையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவவைத்து வீட்டுக்கு அனுப்பினேன். உன் அப்பா கத்தினார். அப்ப ஊரே அடிச்சுது, ஊருக்கே புள்ளை இல்லாமயா போச்சு என்றார். அதுவும் சரியாகத்தான் படுகிறது. என்னோடு சேர்ந்து தண்ணீர் சுமந்த ராசாத்தாளும் அன்றைக்கு மாசமாகத்தான் இருந்தாள், அவள் மகன் நிதீஷுக்கு இரண்டு பிள்ளைகள். ஆனால் கத்தின மனுஷன் அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுக் கை கழுவிவிட்டார்.

மனசு கேட்காமல் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் பீளமேட்டுக்குப் போய், என் சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். வயிற்றில் ஆண்பிள்ளை உருவாகிற மாதங்களில் சில களைமருந்து பட்டால் அந்த உறுப்பு வளர்வது கெடுகிறது என்று எலிகளில் பார்த்திருக்கிறார்களாம், மனுஷரில் சந்தேகம் இருக்கிறதாம், உங்க பையனுக்கு இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க, இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம் என்றார். இதைக் கேட்கவா இரண்டு பஸ் மாறிப் போனேன் என்று எரிச்சலாக வந்தது. ஆமாம் என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பேன், இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன். இப்போது இரண்டும் இல்லை.

ஒன்று மட்டும் எனக்குக் குழப்பமில்லை. நாலு வருஷமாகக் கரோலினிடம் நாள் தள்ளிப்போச்சா என்று கேட்டேன், உடம்பைக் குறை என்றேன், வேலையை விடு என்றேன், அவள் பிறந்த வீட்டார்மேல்கூடக் குறை பேசினேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இந்தக் காகிதத்தை அவளிடம் கொடு, ஒளிக்காதே, அவளே படிக்கட்டும்.

நீங்கள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் கோபப்படாமல் இருங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மாதா உங்களைக் கைவிடமாட்டாள், பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் என் பிள்ளைகள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மறக்காமல், இல்லை என்று எழுதினதை அடித்துவிட்டு ஆமாம் என்று எழுதச் சொல். களைமருந்தின் பெயர் கேட்டால் தெரியாது என்று சொல். அம்மா மருந்து குடிக்கவில்லை, கலக்கினாள் என்று சொல்.

உன் அம்மா
விமலாராணி அமிர்தநாதன்
சத்தியமங்கலம்