மாட்டு டாக்டரின் மாலைக் காய்ச்சல்

4 செப்டம்பர் 1970

இன்றும் மிராசுதார் இளையபெருமாளின் மாட்டுக்கொட்டகைதான். ஆடியிலிருந்து இது மூன்றாவது பசு. நிறைசினைக்கு முன்பே கன்று வீசிவிட்டது. நஞ்சுக்கொடி விழவில்லை. தோள்வரை கையை விட்டு எடுத்தேன். கையுறை கேட்டு மேலிடத்துக்கு எழுதினால் இருப்பில் இல்லை என்கிறார்கள். கை மட்டும் எப்போதும் இருப்பில் இருக்கிறது. மாட்டுக்காரர் கண்ணுசாமி வாலைப் பிடித்துக்கொண்டார்.

மிராசுதார் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்றார். "என்ன டாக்டரே?" என்றார். "நஞ்சு உள்ளேயே நின்னுபோச்சு ஐயா!" என்று கத்தினேன்.

திரும்பி வந்து கிணற்றடியில் குளித்தேன். கால்நடை மருந்தகத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் நடுவில் ஒரு மூங்கில் படல், இரண்டுக்கும் ஒரே கிணறு. சுகாதார நிலைய ஜன்னலில் டாக்டர் சாவித்திரி. "சார், அது மனுஷங்க குளிக்கிற எடம்!"

"நானும் மனுஷன்தான் டாக்டரம்மா."

ஜன்னலைச் சாத்திக்கொண்டார். யோசிக்கிறார் போலும்.

19 செப்டம்பர்

காய்ச்சல். காலையில் ஒன்றுமில்லை. மாலை ஐந்து மணிக்கு, மருந்தகத்தைப் பூட்டியதும் குளிர் பிடிக்கிறது. விடியும்போது பாய் நனைந்துவிடுகிறது. பிறகு சரியாகிவிடுகிறது. விடுப்பு போடவும் வழியில்லை. அரசாங்க ஊழியனுக்கென்றே செய்த காய்ச்சல்.

என் மனைவி சுந்தரி நம்பவில்லை. "சரியா கடைக்குப் போகச் சொல்ற நேரத்துக்கு வருதே, அது எப்படிங்க?" என்கிறாள்.

24 செப்டம்பர்

சாவித்திரி அம்மா மலேரியா மாத்திரை கொடுத்தார். காதில் ஒரே இரைச்சல். காய்ச்சல் போகவில்லை. இப்போது டைபாய்டு என்கிறார். இடுப்பு, முழங்கால் எல்லாம் கழன்றுவிடும்போல் இருக்கிறது.

1 அக்டோபர்

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். டவுனில் பிறந்து வளர்ந்தவர். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "மாட்டு வயித்துல நஞ்சு இருந்துச்சுன்னு நீங்களே சத்தமா சொன்னீங்களாமே?"

"நஞ்சுன்னா அந்த நஞ்சு இல்ல சார். கன்னுக்குட்டிக்குப் பின்னால விழுற கொடி..."

"நஞ்சுன்னு சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்..."

எழுதிக்கொண்டார்!

மிராசுதார் புகார் கொடுத்திருக்கிறார். போன ஆகஸ்டில் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் செங்கொடியோடு போய், நில உச்சவரம்புக்கு மேல் அவர் மறைத்து வைத்திருந்ததாகச் சொல்லும் வயலில் இறங்கினார்கள். அந்தப் பகையில் அவர்களே மாடுகளுக்கு விஷம் வைத்துவிட்டார்களாம். கண்ணுசாமி சங்கத்தில் இருக்கிறார், கொட்டகையிலும் இருக்கிறார். வேறு என்ன வேண்டும்? பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

என் வாய். என் ஒரு வாய்.

2 அக்டோபர்

மிராசுதாரைப் பார்த்துச் சொன்னேன். இது கன்றுவீச்சு நோயாக இருக்கலாம், மாட்டுக்கு மாடு தொற்றும், ரத்தம் எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும் என்றேன்.

"என் மாட்டுக்குத் தொத்து நோயா? வெளிய தெரிஞ்சா ஒரு உழக்குப் பால் விக்குமா? விஷம்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. நீங்க இங்கேயே இருக்கணும்னுதான் நானும் நினைக்கிறேன்" என்றார்.

கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மாற்றல் உத்தரவின் வாசனை. சுந்தரி ஆறாம் மாதம். இந்த நேரத்தில் எங்கே தூக்கிப் போடுவார்களோ?

மாலையில் சங்கச் செயலாளர் அரசப்பன் வந்து, விஷமே இல்லை என்று இரண்டு வரி கேட்டார். "மாட்டுப் பேர்லயும் பட்டா எழுதி வச்சிருப்பாரு சார், அதான் மாடு போனா இப்படித் துடிக்கிறாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே குளிரும் வந்தது. இரண்டு பேருக்கும் எழுதவில்லை. போர்வைக்குள் போய்விட்டேன்.

கோழை என்று இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

6 அக்டோபர்

கண்ணுசாமிக்கு ஸ்டேஷனில் உடம்பு நடுங்கியிருக்கிறது. குற்றம் செய்தவன் பயத்தில் நடுங்குகிறான் என்று சப்-இன்ஸ்பெக்டர் சந்தோஷப்பட்டிருக்கிறார். சாவித்திரி அம்மா நேரே போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "இது பயம் இல்ல, நூத்து மூணு டிகிரி" என்று சொல்லி, சுகாதார நிலையத்துக்கு அழைத்து வந்துவிட்டார். கூடவே ஒரு காவலர். அவருக்கும் ஒரு கட்டில்.

9 அக்டோபர்

இன்று படலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல். "சார், அந்தப் பண்ணையில நீங்க என்ன மேய்க்கிறீங்க?"

"என்னம்மா?"

"கண்ணுசாமிக்கு சாயங்காலக் காய்ச்சல். பால் கறக்குற ராமாயிக்கு அதே காய்ச்சல். உங்களுக்கும் அதே. மூணு பேரும் ஒரே கொட்டகை. அந்த மாடுங்களுக்கு என்ன உடம்பு?"

இந்த ஊருக்கு வந்த நாளாக அவர் மாட்டின் உடல்நிலையைக் கேட்டதில்லை. சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. கல்லூரிப் பாடத்தில் அந்த நோயைப் பற்றி நிறைய உண்டு, கடைசியில் 'மனிதருக்கும் தொற்றும்' என்று ஒரே ஒரு வரி. அவருடைய புத்தகத்தில் மனிதரைப் பற்றி ஒரு பக்கம், 'கால்நடையிலிருந்து' என்று ஒரு சொல். இரண்டு பேரும் மற்றவர் பாடத்தைப் படிக்காமல் பாஸ் பண்ணியிருக்கிறோம்.

கொடியை எடுத்த கை என்னுடையது. மனிதர் என்றதும் எனக்கு என் ஞாபகமே வரவில்லை பாருங்கள்!

12 அக்டோபர்

தஞ்சாவூரில் விசாரித்ததில் மனித ரத்தத்துக்கு இந்தச் சோதனை அங்கே இல்லையாம். மாட்டு ரத்தத்துக்கு எங்கள் துறை ஆய்வுக்கூடத்தில் உண்டு. அங்கே மனித ரத்தம் வாங்க மாட்டார்கள்.

சாவித்திரி அம்மா கொஞ்ச நேரம் கிணற்றையே பார்த்தார். பிறகு, "உங்க மூணு பேர் ரத்தத்தையும் மாடுன்னே அனுப்பிடலாம்" என்றார்.

படிவத்தை அவரே எடுத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"இனம்?"

"உம்பளச்சேரின்னு போடுங்க."

"நிறம்?" நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கருப்பு." அவரே எழுதிக்கொண்டார்.

"எத்தனை ஈத்து?"

மருந்தகத்தை ஒட்டிய எங்கள் வீட்டுக்குள்ளிருந்து சுந்தரி, "இப்பதான் முதல் தடவைங்க" என்றாள்.

14 அக்டோபர்

நடுப்பகல். மருந்தக வாசலில் கூண்டு வண்டி. மிராசுதார் இறங்கினார். கால்களை அகட்டி அகட்டி நடந்து வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். பத்து நாளாகச் சாயங்காலக் காய்ச்சலாம். அதோடு... வேட்டிக்குள் வீக்கம். உட்கார முடியவில்லை.

"பக்கத்துல டாக்டரம்மாகிட்ட போங்க ஐயா. நான் மாட்டு டாக்டர்."

"பொம்பளைகிட்ட இதை எப்படிய்யா காட்டுறது? நீங்க காளைக்கும் பாக்குறீங்கல்ல?"

பார்க்கிறேன். அதை மறுக்க முடியவில்லை.

படலைத் தாண்டி சாவித்திரி அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் வந்ததும் மிராசுதார் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். டாக்டரம்மா துண்டைப் பார்த்தே கேட்டார்: "பாலைக் காய்ச்சிக் குடிக்கிறீங்களா?"

துண்டு சொன்னது: "கறந்த சூட்டோட ஒரு செம்பு. அதுலதான் சத்து."

கையில் ரத்தம் எடுத்தார். மாதிரியோடு மாதிரியாகக் கட்டினோம். நான்காவது மாடு. ஆண். ஈத்து இல்லை.

28 அக்டோபர்

ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்துவிட்டது. நான்குக்கும் நோய் உறுதி. கீழே குறிப்பு: 'இம்மாடுகளை மந்தையிலிருந்து உடனே பிரிக்கவும். சினைக்கு விடக்கூடாது.'

சுந்தரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இனிமே உங்களுக்குக் கொல்லைப்பக்கம்தான் படுக்கை" என்றாள். அப்புறம் திடீரென்று அழுதாள். "கையுறை இல்லாம இனிமே எந்த மாட்டுக்கும் போகாதீங்க." சரி என்றேன். நிஜமாகவே சொன்னேன்.

29 அக்டோபர்

இரண்டு பேருமாக மிராசுதார் வீட்டுக்குப் போனோம். தனியாக இருந்தால் வாசலோடு திரும்பியிருப்பேன்.

"அப்ப எனக்கும் அவன் விஷம் வச்சிட்டானா?" என்று எழுந்தார். வலி உட்கார வைத்துவிட்டது.

"விஷம் இல்லைங்க. உங்க பசுவுக்கு இருக்கிற வியாதிதான் உங்களுக்கும். கண்ணுசாமிக்கும், ராமாயிக்கும், இந்த சாருக்கும் அதேதான். நிறைய நாளைக்கு ஊசி, மாத்திரை போடணும்" என்றார் டாக்டரம்மா.

"வீட்டுக்கு வந்து போடுங்க."

"மருந்து அங்கதான் இருக்கு. நீங்க வாங்க."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "நான் எழுதித் தர்றேன் ஐயா" என்றேன். "ரெண்டு வரி கேட்டீங்களே. தொத்து வியாதின்னு எழுதி, போலீசுக்கு ஒரு நகல், மேலிடத்துக்கு ஒரு நகல் அனுப்புறேன். யார் யாருக்கு வந்திருக்கு, எங்கெங்க வீங்கியிருக்குன்னு விவரம் வேணுமா, வேண்டாமா? அதை மட்டும் நீங்க சொல்லுங்க."

ரொம்ப நேரம் விசிறியை ஆட்டினார். பிறகு காரியஸ்தரைக் கூப்பிட்டு, ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிவரச் சொன்னார்.

மாடுகளுக்கும் ரத்தம் எடுக்கச் சம்மதித்துவிட்டார்.

11 நவம்பர்

சுகாதார நிலையத்தில் ஒரே ஒரு பெஞ்சு. ராமாயி, கண்ணுசாமி, நான், மிராசுதார். நான்கு பேருக்கும் இடுப்பில் ஊசி, அதனால் நான்கு பேருமே சரியாக உட்கார முடியாமல் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறோம். ஒருவர் எழுந்தால் எல்லோரும் சரிகிறோம்.

முதல் நாள் மிராசுதார் நின்றுகொண்டே இருந்தார். இரண்டாம் நாள் வீட்டிலிருந்து நாற்காலி வந்தது. கைப்பிடி இடித்ததால் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார முடியவில்லை. இன்று பெஞ்சு.

கண்ணுசாமி அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "ஸ்டேஷன்ல வச்சு அடிச்சாங்க."

மிராசுதார் தோள்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரியாம பண்ணிட்டேன்" என்றார் மிராசுதார், அதே சுவரைப் பார்த்து.

"அறுவடைக்குக் கூலி நெல் ஏத்திக் குடுங்க. தெரிஞ்சே பண்ணுங்க."

"அதெல்லாம் அரசப்பன்கிட்ட பேசிக்கிறேன்."

"பேசிக்கிறேன்னா?"

"அடுத்தவங்க வாங்க" என்று உள்ளேயிருந்து குரல். கண்ணுசாமி எழுந்தார். நாங்கள் சரிந்தோம்.

2 டிசம்பர்

காய்ச்சல் விட்டது. நோய் கண்ட ஆறு பசுக்களையும் தென்னந்தோப்பில் தனிக் கொட்டகையில் வைத்திருக்கிறோம். கையுறை ஒரு ஜோடி வந்தது, சாவித்திரி அம்மாவின் பிரசவ அறையிலிருந்து. முழங்கை வரைக்கும்கூட வரவில்லை. ஆனாலும் போட்டுக்கொள்கிறேன்.

கூலிப் பேச்சு இரண்டு தடவை முறிந்துவிட்டது. கிழக்கு வயலில் செங்கொடி இன்னும் நிற்கிறது. அதற்கு எங்கள் இரண்டு பேரிடமும் மருந்து இல்லை.

21 டிசம்பர்

காலையில் படலுக்கு அந்தப் பக்கம் ஒரே கூட்டம்.

"சார், கொஞ்சம் வாங்க. நாய்க்கடி ஒண்ணு வந்திருக்கு" என்றார் டாக்டரம்மா.

"கடிச்ச நாய் எங்கம்மா?"

"அதையும் வரச் சொல்லியிருக்கேன்."