திரை ஒளிர்ந்தால் கைகட்டு

செவ்வாய், இரவு.

வகுப்பு ஸ்மார்ட் போர்டின் உறையை இன்று நானே கழற்றினேன். அதிகாரிகள் வரும் நாளில் மட்டும்தான் தலைமை ஆசிரியை அதைத் திறக்க விடுவார். இதயம் எப்படித் துடிக்கிறது என்று ஐந்தாம் வகுப்புக்குக் காட்ட நினைத்தேன். திரை ஒளிர்ந்ததும் பிள்ளைகள் எல்லோரும் கைகட்டி, வாய்மூடி, நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். பட்டினப்பாக்கத்து ஸ்டெல்லா மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "மிஸ், இன்னிக்கு இன்ஸ்பெக்‌ஷனா கீது?"

"இல்லடி, பாடம்தான்" என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. ஒரு கேள்விகூட வரவில்லை.

மாலையில் தலைமை ஆசிரியை கூப்பிட்டு, "ரிப்பேரானா யாரும்மா பதில் சொல்றது?" என்றார்.

"நான் சொல்றேன் மேடம்."

சொல்லிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நாளைக்கும் திறப்பேன். போர்டின் முன்னால் பிள்ளைகள் கூச்சல் போட்டு, நான் அதட்டுகிற நாள் வரும்வரை திறப்பேன்.